கரண்ட் போச்சு, டேப்பும் போச்சு: ரீஸ்டார்ட்டின் வரலாறு

(ஒலிபரப்பான அத்தியாயத்தின் எழுத்துவடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம். பேச்சு நடையைப் பல இடங்களில் அப்படியே விட்டிருக்கிறோம்.)

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து பேசுகிறேன். இன்றைக்கு எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் கேட்க ரொம்பச் சின்னதாக இருக்கும். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆனதும் பிரவுசரில் திறந்து வைத்திருந்த டேப்கள் ஏன் சில நேரம் திரும்ப வருவதில்லை? தேடி வைத்த தேடல்கள் எங்கே போகின்றன? "இதுல என்னங்க வரலாறு இருக்கு?" என்று கேட்கலாம். இருக்கிறது. ஐம்பது வருட வரலாறு. அதன் மிக முக்கியமான அத்தியாயத்தை எழுதியவர் தமிழ்நாட்டில் பிறந்தவர்.

கரண்ட் போன காலம்

முதலில் நம்ம ஊர்க் கதையிலிருந்தே ஆரம்பிக்கலாம். 2008 வாக்கில் தொடங்கி 2013 வரைக்கும் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று முப்பது வயது தாண்டியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2012இல் சென்னையில் தினம் 2 மணி நேரம் மின்வெட்டு. கோவை, மதுரை பக்கமெல்லாம் அதைப்போலப் பல மடங்கு. தாம்பரம், சேலையூர், செம்பாக்கம் என்று இந்தப் பக்கத்துப் புறநகர்களில் இருந்தவர்கள் அட்டவணையில் இருந்த வெட்டையும் பார்த்தார்கள், அட்டவணையில் இல்லாத வெட்டையும் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது அந்தக் காலத்தில்தான். ஆனால் இன்வெர்ட்டர் ஃபேனைக் காப்பாற்றியதே தவிர, டெஸ்க்டாப்பைக் காப்பாற்றவில்லை. கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் அந்த இமைக்கும் நேரம் போதும், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். தனியாக யுபிஎஸ் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்கள் விண்டோஸ் திரும்ப எழும்பி வரும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

எழும்பி வந்த பிறகுதான் நம்ம கேள்வி. திறந்து வைத்த இருபது டேப் வருமா, வராதா? சில நாள் வந்தது. சில நாள் வெறும் காலிப் பக்கம். அதே கம்ப்யூட்டர், அதே பிரவுசர். ஏன் இந்த வித்தியாசம்?

இதற்குப் பதில் சொல்ல நாம் பிரவுசர் பிறப்பதற்கு முன்னால் போக வேண்டும்.

வங்கிக்கு முதலில் வந்த தலைவலி

1970களில் வங்கிகளும் விமான நிறுவனங்களும் கணக்குகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டிருந்தன. ஒரு கணக்கிலிருந்து 500 ரூபாய் எடுத்து இன்னொரு கணக்கில் போட வேண்டும். எடுத்தாச்சு. போடுவதற்குள் மெஷின் நின்றுவிட்டது. அந்த 500 ரூபாய் எங்கே?

கலிபோர்னியாவில் சான் ஹோசே நகரில் இருந்த ஐபிஎம் ஆய்வகத்தில், சிஸ்டம் ஆர் என்ற தரவுத்தளத் திட்டத்தில் வேலை பார்த்த ஜிம் கிரே இதைப் பற்றித் தீவிரமாக யோசித்தவர்களில் ஒருவர். பின்னால் 1998ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. அவர் வலியுறுத்தியது: ஒரு வேலை முழுதாக நடக்க வேண்டும், இல்லாவிட்டால் நடக்கவே இல்லை என்று ஆக வேண்டும். பாதியில் நிற்பது கூடாது. முடிந்தது என்று ஒரு முறை சொல்லிவிட்டால், அதற்கப்புறம் கரண்ட் போனாலும் அது முடிந்ததுதான்.

சொல்வது சுலபம். செய்வது எப்படி? சிஸ்டம் ஆர் குழு எடுத்த வழி, நகல் வைத்துக்கொள்வது. பழைய பக்கத்தை அழிக்காமல் பக்கத்திலேயே புதுப் பக்கம் எழுதுவது, எல்லாம் சரியானதும் "இனி இதுதான் அசல்" என்று மாற்றிவிடுவது. சின்னத் தரவுக்கு இது அழகாக வேலை செய்யும். பெரிய தரவுத்தளத்துக்கு இது ஒத்துவராது, எல்லாவற்றையும் குறிப்பேடு வழியாகவே செய்திருக்கலாம் என்று அந்தக் குழுவே 1981இல் எழுதிய கட்டுரையில் முடிவுக்கு வந்தது. இந்த "நகல் வழி"யை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் நம் பிரவுசருக்குள்ளேயே அதைப் பார்க்கப்போகிறோம்.

வேளச்சேரி ரோட்டின் மறுமுனை

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வேளச்சேரி ரோட்டைப் பிடித்தால் செம்பாக்கம், மேடவாக்கம், பள்ளிக்கரணை எல்லாம் தாண்டி வேளச்சேரி. அதற்கு அந்தப் பக்கம் ஐஐடி வளாகம். 1973இல் ஐபிஎம் 370/155 என்ற பெரிய கணினி, ஜெர்மனியின் உதவியோடு அங்கே வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தில் அங்கே கெமிக்கல் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தவர் சி. மோகன். 1955இல் தமிழ்நாட்டில் பிறந்தவர். 1977இல் பி.டெக். முடித்துவிட்டு, கெமிக்கலை விட்டு கம்ப்யூட்டருக்கு வந்து, டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் 1981இல் முனைவர் பட்டம் வாங்கி, அதே வருடம் ஐபிஎம் சான் ஹோசே ஆய்வகத்தில் சேர்ந்தார்.

அங்கே அவரும் டான் ஹேடர்லி, புரூஸ் லிண்ட்சே, ஹமீத் பிரஹேஷ், பீட்டர் ஷ்வார்ஸ் ஆகியோரும் சேர்ந்து உருவாக்கிய முறைக்கு ஏரீஸ் என்று பெயர். 1989இல் ஐபிஎம் ஆய்வறிக்கையாக வந்தது. 1992 மார்ச்சில் ஆய்விதழில் வெளியானபோது கிட்டத்தட்ட 70 பக்கம். ஐபிஎம்மின் டிபி2 தொடங்கி எத்தனையோ தரவுத்தளங்கள் இந்த முறையையோ இதன் கிளையையோதான் பின்பற்றுகின்றன. தரவுத்தளத்தைப் பாடமாகப் படிக்கும் மாணவர்கள் இன்றைக்கும் ஏரீஸைத் தாண்டித்தான் போக வேண்டும். மோகன் 1997இல் ஐபிஎம் ஃபெலோ ஆனார்.

ஏரீஸ் என்ன செய்கிறது?

மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லாவில் இருப்பவரிடம் ஒரு சிட்டை இருக்கும், உள்ளே ஒரு பேரேடு இருக்கும். சரக்கு போனால் உடனே சிட்டையில் ஒரு வரி. பேரேட்டில் சாவகாசமாக ஏற்றிக்கொள்ளலாம். விதி ஒன்றே ஒன்று: சிட்டையில் எழுதாமல் பேரேட்டைத் தொடக் கூடாது. கம்ப்யூட்டரில் சிட்டைக்குப் பெயர் "லாக்". இந்த விதி மோகனுக்கு முன்னாலேயே இருந்தது. கடை பாதியில் இருட்டாகி, திரும்ப விளக்கு வந்ததும் என்ன செய்வது என்பதில்தான் ஏரீஸின் புத்திசாலித்தனம்.

மூன்று நடை. முதல் நடை: சிட்டையைப் படித்து, இருட்டான நேரத்தில் எந்தெந்த வேலை பாதியில் நின்றது என்று தெரிந்துகொள்வது. இரண்டாவது நடை: சிட்டையில் இருப்பதை எல்லாம் வரிசையாகத் திரும்பச் செய்வது. இங்கேதான் ஆச்சரியம். பாதியில் நின்றுபோன, எப்படியும் ரத்தாகப்போகிற வேலைகளையும் சேர்த்தே திரும்பச் செய்ய வேண்டும். அந்தக் கட்டுரை இதற்கு வைத்த பெயரே "வரலாற்றைத் திரும்ப நிகழ்த்துதல்". விளக்கு அணைந்த அந்த நொடி கடை எப்படி இருந்ததோ, அச்சு அசலாக அதே நிலைக்குக் கொண்டுவந்துவிடு, சரி தப்பை அப்புறம் பார்க்கலாம் என்பது அதன் அர்த்தம். மூன்றாவது நடை: முடியாத வேலைகளை ஒவ்வொன்றாக அடிப்பது.

ஒரு வரியை ஏற்கெனவே பேரேட்டில் ஏற்றியாச்சா இல்லையா என்று எப்படித் தெரியும்? பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு எண் இருக்கும்: "சிட்டையின் இத்தனையாவது வரி வரைக்கும் என்னிடம் ஏறியிருக்கிறது." அந்த எண்ணைப் பார்த்தால் ஒரே வரி இரண்டு முறை ஏறாது.

சரி, கரண்ட் வந்து, எல்லாவற்றையும் சரிசெய்துகொண்டிருக்கும்போதே அஞ்சு நிமிஷத்தில் மறுபடி போய்விட்டால்? 2012இல் இது அன்றாடம் நடந்த கதைதானே. ஏரீஸ் இதற்கும் பதில் வைத்திருக்கிறது. ஒரு வரியை அடிக்கும்போதெல்லாம், "இதை அடித்துவிட்டேன், அடுத்து அதற்கு முந்தைய வரிக்குப் போ" என்று சிட்டையிலேயே ஒரு புது வரி எழுதிவிடும். பத்து முறை கரண்ட் போனாலும் செய்த வேலை வீணாகாது, அடித்ததை மறுபடி அடிக்க வேண்டியதில்லை. மீட்பு வேலையின் நடுவில் மறுபடி விழுவதையும் சாதாரணமாக எதிர்பார்த்து எழுதிய முறை அது.

டேப் எப்படி வந்தது?

இப்போது பிரவுசருக்கு வருவோம். தொண்ணூறுகளில் ஒரு ஜன்னலுக்கு ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வேண்டுமென்றால் இன்னொரு ஜன்னல். நெட்கேப்டர் போன்ற சின்ன மென்பொருள்கள் அந்தக் காலத்திலேயே டேப்பைக் காட்டின. ஓப்பரா ஒரே ஜன்னலுக்குள் பல பக்கங்களை வைத்தது. 2001இல் மொசில்லாவில் டேப் வந்தது. 2004 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 1.0 வந்தபோது டேப் அதன் பெரிய கவர்ச்சி. 2006 அக்டோபரில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 7 அதைப் பின்பற்றியது.

டேப் வந்ததும் பழக்கம் மாறியது. முன்பெல்லாம் முக்கியமான பக்கம் என்றால் புக்மார்க் போடுவோம். இப்போது மூடாமல் விட்டுவைப்பதே சேமிப்பதற்குச் சமம் ஆகிவிட்டது. "அப்புறம் படிக்கலாம்" என்பதற்கு ஒரு டேப், "நாளைக்கு அப்ளை பண்ணணும்" என்பதற்கு ஒரு டேப். வேலை செய்யும் மேசையாக ஆரம்பித்தது, கோப்பு வைக்கும் அலமாரியாக மாறிவிட்டது. ஆனால் பிரவுசரை எழுதியவர்கள் அதை அலமாரியாக நினைத்துக் கட்டவில்லை. பக்கம் எங்கேயோ சர்வரில் பத்திரமாக இருக்கிறது, பிரவுசர் வெறும் கண்ணாடி என்பதுதான் ஆரம்பகால எண்ணம்.

ஓப்பரா இந்த விஷயத்தில் முன்னோடி, திறந்திருந்த பக்கங்களை நினைவில் வைத்துக்கொள்ளும். ஃபயர்பாக்ஸில் ஆரம்பத்தில் இதற்குத் தனி நீட்சி போட வேண்டும். 2006 அக்டோபரில் வந்த ஃபயர்பாக்ஸ் 2தான் அதை உள்ளேயே சேர்த்தது. 2008 செப்டம்பரில் கூகுள் குரோம் வந்தது. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை முன்னின்று நடத்திய திட்டம். ஒவ்வொரு டேப்பும் தனித்தனியாக ஓடுவது அதன் அடிப்படை. ஒரு டேப் விழுந்தால் மற்ற டேப்கள் நிற்கும். ஆனால் கரண்ட் போனால் எல்லாமே சேர்ந்துதான் விழும். அதற்குத் தனி வைத்தியம் வேண்டும்.

இரண்டு பிரவுசரும் இரண்டு வழி எடுத்தன. ஃபயர்பாக்ஸ், திறந்திருக்கும் ஜன்னல், டேப் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக, வழக்கமாக 15 விநாடிக்கு ஒரு முறை, முழுசாகத் திரும்ப எழுதுகிறது. புதுசாக எழுதி, பழசின் இடத்தில் வைத்துவிடும். நாம் பார்த்தோமே, சிஸ்டம் ஆரின் நகல் வழி, கிட்டத்தட்ட அதுதான் இது. குரோம், "இந்த டேப் திறந்தது, இந்தப் பக்கத்துக்குப் போனது, இது மூடியது" என்று வரிவரியாகச் சேர்த்துக்கொண்டே போகிறது. அது சிட்டை வழி. எழுபதுகளில் ஐபிஎம்மில் நடந்த விவாதம், முப்பது வருடம் கழித்து நம் மேசைமேல் இரண்டு ஐகான்களாக உட்கார்ந்திருக்கிறது.

பத்திரத்துக்கு ஒரு விலை உண்டு

வங்கி மாதிரியே இதையும் பத்திரமாகச் செய்துவிடலாமே? செய்து பார்த்தார்கள். 2008இல் ஃபயர்பாக்ஸ் 3, நாம் பார்த்த பக்கங்களின் வரலாற்றை எஸ்கியூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்தில் வைக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் "நினைவில் வைத்தது போதாது, டிஸ்க்கில் எழுதிவிட்டு வந்து சொல்" என்று அந்தத் தரவுத்தளம் கட்டளை போட்டது. அன்றைய லினக்ஸின் கோப்பு அமைப்பில் அந்த ஒரு கட்டளைக்காக, காத்திருந்த மற்ற எழுத்துவேலைகளும் சேர்ந்து டிஸ்க்குக்குப் போக வேண்டியிருந்தது. லிங்க்கைத் தட்டினால் கம்ப்யூட்டரே சில விநாடி உறைந்து நின்றது. பயனர்கள் கொதித்தார்கள். அடிக்கடி எழுதுவதைக் குறைத்தார்கள்.

மறு பக்கமும் நடந்தது. 2009இல் லினக்ஸில் எக்ஸ்ட்4 என்ற புதிய கோப்பு அமைப்பு, வேகத்துக்காக எழுதுவதைத் தள்ளிப்போட்டது. மெஷின் திடீரென்று விழுந்தபோது சிலருடைய அமைப்புக் கோப்புகள் பூஜ்ய பைட்டாகக் கிடந்தன. தப்பு கோப்பு அமைப்பிலா, மென்பொருளிலா என்று பெரிய சண்டை. அப்புறம் 2016இல், ஃபயர்பாக்ஸ் டேப்களைச் சேமிக்க எழுதி எழுதியே எஸ்எஸ்டி டிஸ்க்கைத் தேய்க்கிறது, சும்மா இருந்தாலும் நாளுக்குப் பல ஜிபி எழுதுகிறது என்று புகார் வந்தது.

கடிகாரப் பெண்டுலம் மாதிரி இது. நிறைய எழுதினால் "மெதுவா இருக்கு, டிஸ்க் போகுது" என்கிறோம். குறைவாக எழுதினால் "டேப் போச்சு" என்கிறோம். வங்கி அந்த விலையைக் கொடுக்கத் தயாராக இருக்கிறது, அதற்கென்றே மெஷின் வாங்குகிறது. இலவசமாக வரும் பிரவுசரில் அந்த விலையை யார் கொடுப்பது?

இரண்டாவது ரீஸ்டார்ட்

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். டேப் காணாமல் போவது பெரும்பாலும் முதல் ரீஸ்டார்ட்டில் இல்லை. இரண்டாவதில்தான்.

கரண்ட் வருகிறது. பிரவுசரைத் திறக்கிறீர்கள். மீட்கட்டுமா என்று ஒரு சின்னப் பெட்டி வருகிறது. அவசரத்தில் அதைத் தள்ளிவிட்டு மின்வாரியப் பக்கத்தைத் திறந்து எப்போது கரண்ட் போகும் என்று பார்க்கிறீர்கள். இப்போது பிரவுசரின் கணக்கில் "தற்போதைய அமர்வு" என்பது அந்த ஒரு பக்கம். இருபது டேப் இருந்தது "முந்தைய அமர்வு". மறுபடி கரண்ட் போய் வந்தால், அந்த ஒரு பக்கமே "முந்தைய அமர்வு" ஆகிவிடும். இருபதும் போச்சு. இரண்டு ஜன்னல் வைத்திருந்து, பெரிய ஜன்னலை முதலில் மூடி, ஏதோ விளம்பரத்துக்குத் திறந்த சின்ன ஜன்னலைக் கடைசியில் மூடினாலும் இதே கதைதான்.

மீட்பு நடக்கும்போதே மறுபடி விழும் என்று 1992இலேயே ஏரீஸ் கணக்குப் போட்டிருந்தது. பிரவுசர்கள் ஒரே ஒரு விபத்துக்கு மட்டும் தயாராக இருந்தன. 2014இல்தான் ஃபயர்பாக்ஸ் தற்போதையது, அதற்கு முந்தையது, கடைசியாக ஒழுங்காக மூடியது, அப்டேட்டுக்கு முந்தையது என்று பல நகல்களைத் தனி ஃபோல்டரில் வைக்க ஆரம்பித்தது. அதற்கப்புறமும் 2017 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 57 வந்தபோது, டேப்களைச் சேமிக்க மக்கள் நம்பியிருந்த செஷன் மேனேஜர், டேப் மிக்ஸ் பிளஸ் போன்ற பழைய நீட்சிகள் வேலை செய்வதை நிறுத்தின. கரண்ட் போகாமலேயே போன டேப்கள் அவை.

அந்த நேரத்துக்குள் நம் ஊரில் மின்வெட்டும் குறைந்திருந்தது. ஆனால் விண்டோஸ் 10, அப்டேட் போட்டுவிட்டுத் தானாகவே ரீஸ்டார்ட் ஆகும் பழக்கத்தோடு 2015இல் வந்தது. கரண்ட்காரர் அட்டவணையாவது போட்டார். இவர் ராத்திரியில் சொல்லாமல் வந்தார். "இந்த நேரத்தில் நான் வேலையாக இருப்பேன்" என்று குறிக்கும் வசதி 2016இல்தான் வந்தது.

எதைத் திரும்பக் கொண்டுவருவது?

கடைசியாக ஒரு ஆழமான சிக்கல். டேப்பின் முகவரி திரும்ப வந்தால், டேப் திரும்ப வந்ததாகுமா?

தேடலை எடுத்துக்கொள்ளுங்கள். நேற்று தேடியதன் முகவரியைப் பிரவுசர் திரும்பத் திறந்தால், அது பழைய முடிவுகளைக் காட்டவில்லை. அதே கேள்வியை இன்றைக்குப் புதிதாகக் கேட்கிறது. நேற்று மூன்றாவதாக இருந்தது இன்று பக்கத்திலேயே இல்லாமல் போகலாம். படிவம் என்றால் இன்னும் சிக்கல். ரயில் டிக்கெட், பணம் கட்டும் பக்கம் இதையெல்லாம் அப்படியே "திரும்ப நிகழ்த்தினால்" இரண்டு முறை பணம் போகும் ஆபத்து உண்டு. அதனால்தான் "படிவத்தை மறுபடி அனுப்பட்டுமா?" என்று பிரவுசர் தயங்கிக் கேட்கிறது. ஏரீஸில் ஒவ்வொரு பக்கமும் தன்னிடம் எதுவரை ஏறியிருக்கிறது என்று எண் வைத்திருந்தது. இணையத்தின் பக்கங்களுக்கு அப்படிப் பொதுவான எண் எதுவும் இல்லை. வரலாற்றைத் திரும்ப நிகழ்த்த, வரலாறு முழுக்க நம் கையில் இருக்க வேண்டும். இங்கே பாதி நம் மெஷினில், பாதி யாரோ ஒருவர் சர்வரில்.

இது பொழுதுபோக்குப் பிரச்சினை இல்லை. பொறியியல் கலந்தாய்வு 2018இலிருந்து ஆன்லைனில் நடக்கிறது. வேலைக்கு விண்ணப்பம், சான்றிதழ், மின்கட்டணம் எல்லாம் பிரவுசரில். ஒரு பிள்ளை இரண்டு நாள் தேடி, பன்னிரண்டு கல்லூரிப் பக்கங்களைத் திறந்து ஒப்பிட்டு வைத்திருந்தால், அந்த டேப் வரிசைதான் அதன் யோசனை. சர்வரில் ஏறியது விருப்பப் பட்டியல் மட்டும். ஏன் அந்த வரிசையில் போட்டது என்பது டேப்களில் இருந்தது.

அதனால் நடைமுறைக்கு நாலு விஷயம் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, செட்டிங்ஸில் "விட்ட இடத்திலிருந்து தொடர்க" என்பதை இன்றைக்கே போட்டுவிடுங்கள். இரண்டு, ரீஸ்டார்ட் ஆனதும் வேறு எதையும் திறக்காதீர்கள், முதலில் மீட்பு. பெட்டி வரவில்லையா? குரோமில் கண்ட்ரோல், ஷிஃப்ட், டி. ஃபயர்பாக்ஸில் ஹிஸ்டரி மெனுவில் முந்தைய அமர்வை மீட்பது இருக்கும். மூன்று, அதுவும் இல்லையென்றால் ஹிஸ்டரிப் பட்டியலைப் பாருங்கள். டேப் வரிசை போயிருந்தாலும், தனித் தரவுத்தளத்தில் இருப்பதால் பார்த்த பக்கங்களும் செய்த தேடல்களும் பெரும்பாலும் அங்கே தேதிவாரியாக இருக்கும். பிரைவேட் ஜன்னலில் பார்த்தது மட்டும் இருக்காது. நான்கு, நிஜமாகவே முக்கியம் என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், டி ஃபார் டேபிள் இல்லை, இந்த முறை டி ஃபார் டாக். திறந்திருக்கும் எல்லா டேப்பும் ஒரே ஃபோல்டரில் புக்மார்க் ஆகிவிடும். மூடிய டேப்பைத் திறக்க "டேபிள்" டி, புக்மார்க்குக்கு "டாக்" டி.

சிட்டையில் இருப்பதைப் பேரேட்டில் ஏற்றும் வேலை அதுதான். பிரவுசர் அதை நமக்காகச் செய்யும் என்று யாரும் நமக்கு வாக்குக் கொடுக்கவில்லை. வங்கிக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்த அத்தியாயத்தில் சந்திப்போம்.